வாத உடம்புக்கு ஊர் சுற்றும் வேலையா, உட்காரும் வேலையா?

காற்றாடி:

வணக்கம். இத்தனை நாள் ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவள், இன்றைக்குத்தான் வாய் திறக்கிறேன்.

வயது 32. ஏழு வருடமாக ஒரே நிறுவனத்தில், மென்பொருள் பயன்படுத்துபவர்களுக்கான பாடங்கள் எழுதும் வேலை. இப்போது இரண்டு இடம் காலியாகியிருக்கிறது. எது வேண்டும் என்று என்னையே கேட்டிருக்கிறார்கள். ஒன்று, கிளை கிளையாகப் போய் நேரில் பயிற்சி கொடுப்பது. மாதத்தில் பாதி நாள் பெட்டியும் கையுமாக அலைய வேண்டும். மற்றது ஆவணப் பிரிவு. ஒன்பது மணிக்கு உட்கார்ந்து ஆறு மணிக்கு எழுந்தால் போதும், நடுவில் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

முடிவெடுக்க முடியாமல் இணையத்தில் ஒரு பிரகிருதிப் பரிசோதனை (ஆயுர்வேதப்படி பிறவி உடல்வாகு எது என்று பார்ப்பது) செய்து பார்த்தேன். இருபது கேள்வி. ‘வாதம் 62, பித்தம் 27, கபம் 11’ என்று வந்தது. அதற்குக் கீழேயே வேலைப் பட்டியல்: வாத உடம்புக்காரர்கள் ஒரே இடத்தில் அடைந்து கிடக்க மாட்டார்கள், பயணம், பேச்சு, கலை சார்ந்த வேலைகளே பொருந்தும். எனக்குச் சந்தோஷம். மறுநாள் இன்னொரு தளத்தில் பார்த்தால், அதே வாதத்துக்கு ‘பயணம் ஆகாது, அதிகப் பேச்சு ஆகாது, நேர ஒழுங்குள்ள அமைதியான வேலையைத் தேர்ந்தெடுங்கள்’ என்று போட்டிருக்கிறது.

ஒரே உடம்பு, இரண்டு தீர்ப்பு. எதை நம்புவது? உங்களில் யாராவது இதைப் பார்த்து வேலைக்குப் போயிருக்கிறீர்களா? பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும்.


கணக்குப்பிள்ளை:

வாங்க காற்றாடி. பெயரிலேயே வாதம் சுற்றுகிறது, பரிசோதனை எதற்கு?

அந்தப் பட்டியலை நானும் பார்த்திருக்கிறேன். பித்தம் என்றால் வக்கீல், அறுவை மருத்துவர், மேலாளர். கபம் என்றால் ஆசிரியர், செவிலியர், தோட்டக்காரர். பட்டியல் போட்டவர் நிச்சயம் பித்தக்காரர்; நாற்காலிகளையெல்லாம் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். எனக்குக் கபம் வந்தது. பதினாறு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன், என் வேலை எந்தப் பட்டியலிலும் இல்லை. அதனால் ராஜினாமா செய்யவா முடியும்?


ஏட்டுச்சுரைக்காய்:

காற்றாடி, நீங்கள் பார்த்த இரண்டு தளங்களும் தெரியாமலே ஒரு பழைய கருத்து வேறுபாட்டின் இரண்டு பக்கங்களில் நிற்கின்றன. (ஆயுர்வேதம் படித்து நோயாளிகளைப் பார்த்து வருபவன் நான். பெயரைப் பார்த்து விட்டுவிடாதீர்கள், கறிக்கு உதவுகிறதா என்று கடைசியில் சொல்லுங்கள்.)

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ‘இந்தப் பிரகிருதிக்கு இந்த உத்தியோகம்’ என்ற அட்டவணை மூல நூல்களில் கிடையாது. சரகரின் சரக சம்ஹிதையில் விமானஸ்தானம் என்ற பகுதியின் எட்டாம் அத்தியாயத்தில் மூன்று உடம்புகளின் வர்ணனையும் வருகிறது. அதில் வேலைக்குப் பக்கத்தில் வருகிற வரிகள் கொஞ்சம் உண்டு. வாதக்காரர் எதையும் சட்டென்று தொடங்குவார், சட்டென்று கலங்குவார். காதில் விழுந்ததை உடனே பிடித்துக்கொள்வார், ஆனால் நினைவில் தங்காது. பித்தக்காரருக்கு வெப்பம் ஆகாது, பசி பொறுக்காது, சிரமம் தாங்காது, பாய்ச்சல் மட்டும் கூர்மை. கபக்காரர் தொடங்கவே நேரமாகும். கோபம் வரவும் நேரமாகும். அடியெடுத்து வைத்தால் அழுத்தமாக வைப்பார். இவ்வளவுதான். இதிலிருந்து ‘அப்படியானால் விளம்பரத் துறைக்குப் போ’ என்று தாவியவர்கள் நம் காலத்து ஆட்கள்.

சரகர் பிரகிருதியைப் பார்த்தது எதற்காக? நோயாளியிடம் சோதிக்க வேண்டிய பத்தில் ஒன்றாக. விகிருதி (இப்போதைய கலக்கம்), தாதுக்களின் அதாவது உடல் திசுக்களின் சாரம், உடற்கட்டு, அளவு, பழக்கம், மனவலிமை, செரிக்கும் சக்தி, உழைக்கும் சக்தி, வயது என்று மற்ற ஒன்பதும் பக்கத்திலேயே நிற்கின்றன. இவர் எவ்வளவு மருந்து தாங்குவார், எவ்வளவு கடுமையான சிகிச்சை தாங்குவார் என்று தெரிய வேண்டும், அதுதான் நோக்கம். ஒன்பதையும் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டு வேலை வாய்ப்பு அலுவலகம் திறந்துவிட்டார்கள்.

இனி அந்தக் கருத்து வேறுபாடு. இன்னொரு மூல நூலின் ஆசிரியரான சுஸ்ருதர் ஒரு உவமை சொல்கிறார்: விஷத்தில் பிறந்த புழு விஷத்தால் சாவதில்லை, அதுபோல ஒருவனுடைய பிரகிருதி அவனுக்குத் தீங்கு செய்யாது. சரகரோ சூத்திரஸ்தானம் ஏழாம் அத்தியாயத்தில், மூன்றும் சமமாகப் பிறந்தவர்களே நோயற்றவர்கள், ஒன்று மேலோங்கிப் பிறந்தவர்கள் எப்போதும் ஓரளவு நோயாளிகளே என்கிறார். அவர்களுக்கு அவர் சொல்லும் வழி, மேலோங்கியதற்கு எதிர்க்குணம் உள்ளதைப் பழகுவது. ‘ஒத்தது ஒத்ததை வளர்க்கும்’ என்பது அவருடைய முதல் அத்தியாயத்திலேயே வந்துவிடும் விதி.

முதல் தளம் புழுவின் பக்கம். இரண்டாவது தளம் சரகரின் பக்கம். இரண்டையும் எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்பது வேறு விஷயம்.


காற்றாடி:

ஏட்டுச்சுரைக்காய் சார், மிக்க நன்றி. ஆனால் தலை இன்னும் சுற்றுகிறது. நீங்கள் எந்தப் பக்கம்?


ஏட்டுச்சுரைக்காய்:

கேள்வியையே இரண்டாகப் பிரித்துவிடும் பக்கம். ‘எனக்கு ஒத்த வேலை’ என்று நாம் சொல்லும்போது இரண்டு பொருளைக் கலக்கிறோம். நன்றாகச் செய்ய வருகிற வேலை ஒன்று. செய்தால் உடம்பு கெடாத வேலை இன்னொன்று. பெரும்பாலும் இவை எதிரெதிர்த் திசையில் போகும். வாதக்காரருக்குப் பேச்சு வரும். அதிகப் பேச்சு, நெடும் பயணம், இரவு விழிப்பு, வேளை தப்பிய சாப்பாடு எல்லாமே வாதத்தைக் கிளப்பும் காரணங்கள் என்று அதே நூல்களில் இருக்கின்றன. பித்தக்காரருக்குப் போட்டி பிடிக்கும். கோபமும் வெயிலும் பட்டினியும் அவரை எரிக்கும். கபக்காரருக்கு உட்கார்ந்து நெடுநேரம் ஒன்றையே பார்க்க வரும்; அந்த உட்கார்தல்தான் அவருக்கு ஆகாது.

எது கைவந்ததோ அதுவே தேய்க்கவும் செய்யும். பட்டியல்கள் முதல் பாதியைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகின்றன.


சந்தேகப்பிராணி:

சுவையான விளக்கம். ஆனால் அடித்தளத்தையே யாரும் தட்டிப் பார்க்கவில்லை.

1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்தார். பிறகு ஒவ்வொருவருக்கும் ‘உன் ஆளுமை இதுதான்’ என்று ஒரு குறிப்பு கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. விஷயம் என்னவென்றால், எல்லோர் கையிலும் இருந்தது ஒரே குறிப்பு. பெரும்பாலும் ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து திரட்டிய வரிகள். ‘நீங்கள் கற்பனை வளம் உள்ளவர், சில நேரம் கவலைப்படுவீர்கள்’ என்றால் யார் இல்லை என்பார்கள்?

உடம்பை மூன்றாகப் பிரித்துக் குணம் சொல்வது மேற்கிலும் நடந்து முடிந்த கதைதான். 1940களில் வில்லியம் ஷெல்டன் என்பவர் ஒல்லி, தசைக்கட்டு, பருமன் என்று மூன்று உடல்வாகு வைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சுபாவம் ஒட்டினார். உடம்பை அளந்தவரும் சுபாவத்துக்கு மதிப்பெண் போட்டவரும் ஒரே ஆள். தான் எதிர்பார்த்ததையே கண்டார். இன்றைக்கு அந்தக் கோட்பாட்டை யாரும் பொருட்படுத்துவதில்லை. உடற்பயிற்சிக் கூடங்களில் அந்தப் பெயர்கள் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

வேலைப் பொருத்தம் பார்க்க ஆசையென்றால் ஜான் ஹாலண்ட் 1959இல் முன்வைத்த ஆறு வகை விருப்ப மாதிரி இருக்கிறது. அது எலும்பைத் தொட்டுப் பார்க்காது. என்ன செய்யப் பிடிக்கும் என்று நேராகக் கேட்கும்.

அப்புறம் நம்மூர் ஆளையே கேட்போம். வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் வளி முதலான மூன்று மிகுந்தாலும் குறைந்தாலும் நோய் என்கிறார். அதே வள்ளுவர், யாரிடம் எந்த வேலையைக் கொடுப்பது என்பதற்கென்றே ‘தெரிந்துவினையாடல்’ என்று ஓர் அதிகாரம் எழுதியிருக்கிறார். பத்துக் குறளிலும் வளியைப் பற்றி மூச்சு விடவில்லை.


கணக்குப்பிள்ளை:

மூச்சே வளிதானே சார்? சரி சரி, போகிறேன்.


மூன்றாம்ஷிப்ட்:

பெரிய நூலெல்லாம் எனக்குத் தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன்.

நான் உலோகம் உருக்கும் ஆலையில் ஒன்பது வருடம் உலை முன்னால் நின்றவன். எனக்கு 27 வயதிலேயே காதோரம் நரைத்துவிட்டது. பசி வந்தால் கை நடுங்கும், வாயில் நல்ல வார்த்தை வராது. வெயிலில் பத்து நிமிடம் நின்றால் முகம் சிவந்து தலை வலிக்கும். இதைக் கேட்டதும் இங்கே எல்லோரும் ‘பித்தம்’ என்பீர்கள். வைத்தியரும் அதைத்தான் சொன்னார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு நான் பார்த்த வேலை என்னவென்று பாருங்கள்.

உலைக் கதவு திறக்கும்போது ஒரு வெப்பம் வரும். முகமூடி போட்டிருந்தாலும் கண்ணிமை காய்ந்து ஒட்டிக்கொள்ளும். மூடியதும் இரண்டு அடி பின்னால் வந்து கையுறையைக் கழற்றினால் உள்ளங்கை தண்ணீரில் ஊறிய மாதிரி சுருங்கியிருக்கும். எங்கள் அணியில் ஒருத்தர் உண்டு, பருத்த உடம்பு, மெதுவான பேச்சு. அதே கதவு முன்னால் அவர் ஏதோ ஜன்னலோரம் நிற்கிற மாதிரி நிற்பார். எனக்கு ஆத்திரமாக வரும்.

ஆனால் கேளுங்கள். உலை வேலையில் நான்தான் கெட்டிக்காரன். உருகலின் நிறத்தைப் பார்த்தே பதம் சொல்வேன், கருவி பிறகுதான் சொல்லும். அவர் நன்றாகத் தாங்கினார், ஆனால் பத்து நிமிடம் தாமதமாகத்தான் கண்டுபிடிப்பார். ஏட்டுச்சுரைக்காய் ஐயா சொன்ன ‘வருகிற வேலை, தாங்குகிற வேலை’ என்பது எனக்குச் சுருக்கென்று பட்டது அதனால்தான்.

கடைசியில் என்னை வீழ்த்தியது வெப்பம்கூட இல்லை, இரவுப் பணி. இப்போது அதே ஆலையில் தரச் சோதனை அறையில் இருக்கிறேன். நிறம் பார்க்கிற கண் இங்கேயும் உதவுகிறது. ஷிப்ட் மட்டும் விட்டபாடில்லை.


ஏட்டுச்சுரைக்காய்:

மூன்றாம்ஷிப்ட், இரவுப் பணி பற்றி நூல்களில் உங்களுக்கு நேராகவே பயன்படுகிற ஒரு வரி இருக்கிறது. இரவு விழித்தால் உடம்பில் வறட்சி ஏறும், பகலில் படுத்துத் தூங்கினால் பிசுபிசுப்பு ஏறும், உட்கார்ந்தபடி கண்ணயர்ந்தால் இரண்டும் ஏறாது என்கிறார் சரகர். பின்னால் வந்த நூலாசிரியர் வாக்படர் இன்னும் நடைமுறைக்கு வருகிறார்: பழக்கமில்லாமல் இரவு விழிக்க நேர்ந்தால், விழித்த நேரத்தில் பாதியளவு, காலையில், சாப்பிடுவதற்கு முன் தூங்க வேண்டும்.

பல பேர் ஷிப்ட் முடிந்து வந்து வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் படுக்கிறார்கள். வாக்படர் சொல்வது நேர்மாறு. என்னிடம் வரும் ஷிப்ட்காரர்களிடம் நான் மருந்துக்கு முன் கேட்பது இந்த ஒன்றைத்தான்: சாப்பாடு முதலிலா, தூக்கம் முதலிலா?

சந்தேகப்பிராணிக்கு: ஃபோரர் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். இணையத்தில் கிடைக்கும் கேள்வித்தாள்களில் பெரும்பாலானவை அந்த வகைதான். ஆனால் பிரகிருதி முழுக்கக் காற்றில் கட்டிய கோட்டை என்று சொல்லிவிட முடியாது. 2015இல் ஐதராபாத் சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வு மையத்தின் ஆய்வாளர்களும் மற்றவர்களும் சேர்ந்து மரபணு ஆய்வு ஒன்று வெளியிட்டார்கள். 3,416 ஆண்களைச் சோதித்து, ஒரே தோஷம் (வாதம், பித்தம், கபம் மூன்றில் ஒன்று) தெளிவாக மேலோங்கியவர்கள் என்று 262 பேரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். உடம்பு சர்க்கரையைக் கையாள்வதில் பங்குள்ள பிஜிஎம்1 என்ற மரபணுவின் ஒரு மாறுபாட்டுக்கும் பித்தப் பிரகிருதிக்கும் தொடர்பு தெரிந்தது. அதற்கு முன் 2008இல் டெல்லி ஐஜிஐபி என்ற மரபணு ஆய்வு நிறுவனக் குழுவினர் ஒரே தோஷம் மிக மேலோங்கிய மூன்று வகையினரிடையே ரத்தக் கூறுகளிலும் மரபணுச் செயல்பாட்டிலும் வேறுபாடு கண்டார்கள்.


சந்தேகப்பிராணி:

உங்கள் எண்ணையே திருப்பிப் படியுங்கள் ஐயா. 3,416 பேரில் 262. பதின்மூன்று பேருக்கு ஒருவர். மீதிப் பன்னிரண்டு பேரை அவர்கள் ஆய்வுக்கே எடுக்கவில்லை. இணையப் பரிசோதனையில் மட்டும் எல்லோருக்கும் பளிச்சென்று ஒரு தோஷம் வந்துவிடுகிறது.

இன்னொன்று, ஒரு மரபணு சர்க்கரையைக் கையாளும் விதத்திலிருந்து ‘இவர் மேலாளராகலாம்’ வரை எத்தனை படி தாண்ட வேண்டும்?


ஏட்டுச்சுரைக்காய்:

இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். சுஸ்ருதரே ஏழு வகை சொல்கிறார்: தனித்தனியாக மூன்று, இரண்டிரண்டாக மூன்று, மூன்றும் சேர்ந்தது ஒன்று. நடைமுறையில் நான் பார்ப்பதில் பெரும்பாலோர் இரட்டைதான். அந்த ஆய்வுகளும் வேலையைப் பற்றி எதுவும் பேசவில்லை. உடம்புக்கும் உடம்புக்கும் வித்தியாசம் உண்டு என்கின்றன, அவ்வளவே.


நடுவெயில்:

இழையை முழுக்கப் படித்தேன். ஒரு கசப்பான விஷயம் சொல்ல வேண்டும்.

நான் முன்பு இருந்த இடத்தில், குழு ஒற்றுமைக்காக என்று ஒரு நாள் பயிற்சி நடத்தினார்கள். வந்தவர் எல்லோருக்கும் தோஷப் படிவம் கொடுத்து நிரப்பச் சொன்னார். எனக்குக் கபம். நெற்றியில் ஒட்டாத குறையாக ஒரு பச்சை அட்டை சட்டையில் குத்திவிட்டார்கள். சிவப்பு அட்டைக்காரர்கள் எல்லாம் தலைவர்களாம், நாங்கள் ‘தூண்கள்’. விளையாட்டாகத்தான் இருந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு புது வாடிக்கையாளர் பொறுப்புக்கு என் பெயர் வந்தபோது, மேலாளர் சிரித்துக்கொண்டே, ‘நீங்கள் தூண் ஆயிற்றே, உங்களை எப்படி நகர்த்துவது?’ என்றார். அந்தப் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. நான் அவரைவிட நான்கு வருடம் சீனியர்.

பிறக்கும்போதே தீர்மானமாகிவிடும் ஒன்று, வாழ்நாளில் மாறாது, அதை வைத்து இவனுக்கு இந்த வேலை. இந்தப் பாட்டை நம் நாட்டில் வேறொரு ராகத்தில் நிறையக் கேட்டிருக்கிறோம். உடம்பைப் பார்த்துக்கொள்ள ஒருவர் தானாகப் பயன்படுத்தினால் எனக்கு ஆட்சேபணை இல்லை. அது மேலாளர் கைக்குப் போகக் கூடாது.


கணக்குப்பிள்ளை:

இதற்கு நகைச்சுவை வரவில்லை நடுவெயில். நூற்றுக்கு நூறு.


ஏட்டுச்சுரைக்காய்:

நடுவெயில் சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பதில் எழுதவில்லை. என் துறைக்காரர் யாரோ சம்பாதித்துக்கொண்டு போன நாள் அது.

இதையொட்டி ஒன்று சொல்ல வேண்டும். தொழிலையும் நோயையும் நேராகச் சேர்த்துப் பேசும் ஓர் இடம் சரக சம்ஹிதையில் இருக்கிறது. சித்திஸ்தானம் பதினோராம் அத்தியாயம். ‘எப்போதும் நோயாளிகளாக இருப்பவர்கள் யார்?’ என்று கேள்வி வருகிறது. பதிலில் வாத உடம்பு, பித்த உடம்பு என்ற பேச்சே இல்லை. நான்கு தொழில்கள் வருகின்றன: வேதம் ஓதுபவர், அரசனிடம் சேவகம் செய்பவர், கணிகை, வணிகர். ஓதுபவர் படிப்பும் விரதமும் சடங்குமாக இருந்து உடம்பைக் கவனிப்பதில்லை. சேவகர் அரசனின் மனம் கோணாமல் நடப்பதிலேயே பயந்து பயந்து தேய்கிறார். கணிகை பிறர் விருப்பத்துக்கு ஆடவேண்டியவள், அலங்காரத்துக்கே நேரம் போய்விடும். வணிகர் எப்போதும் உட்கார்ந்தே இருக்கிறார், வாங்கல் விற்றலிலேயே புத்தி. நால்வருமே இயற்கை உபாதைகளை அடக்குகிறார்கள், வேளைக்குச் சாப்பிடுவதில்லை என்று முடிகிறது.

படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதிகாரியின் முகம் பார்த்தே நாளைக் கழிப்பவர், நாற்காலியை விட்டு எழாதவர். இவர்கள்தானே என் வரிசையில் இன்றைக்கும் உட்கார்ந்திருக்கிறார்கள்? பிரகிருதியை வைத்துப் பார்க்காமல் வேலை நடக்கிற விதத்தை வைத்தே அவர் பார்த்திருக்கிறார்.

அடுத்த அத்தியாயத்தில் இன்னொன்று: பஞ்சகர்மம் என்ற உடல் சுத்திகரிப்புச் சிகிச்சை முடிந்து உடம்பு தேறும்வரை தவிர்க்க வேண்டிய எட்டு. அதில் முதல் நான்கு: உரத்துப் பேசுவது, வண்டியில் குலுங்குவது, அதிகம் நடப்பது, அதிகம் உட்கார்வது. வாத்தியார், டிரைவர், விற்பனைப் பிரதிநிதி, கிளார்க். யாரையும் விடவில்லை பாருங்கள்.


அம்மிக்கல்:

என் அனுபவம் கொஞ்சம் தலைகீழ்.

பதினோரு வருடம் ஒரே நாற்காலி. நாற்காலியின் இடது கைப்பிடியில் என் முழங்கை பட்டுப் பட்டு உறை கிழிந்து, பஞ்சு வெளியே வந்து, அந்தப் பஞ்சும் கறுத்துவிட்டது. அந்த அளவுக்கு நான் அசையவில்லை. வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது, அதைச் சொல்லிவிடுகிறேன். சரக்குப் பதிவேடு சரிபார்ப்பது. யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். பொருத்தம் என்றால் அப்படியொரு பொருத்தம். காலையில் எழுந்தால் உடம்பு மூட்டை போல இருக்கும், மதியம் சாப்பிட்டதும் கண் சொருகும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், அவ்வளவுதான்.

பிறகு ஆள் குறைப்பு வந்து என்னைக் கிடங்குக்கு மாற்றினார்கள். நான் தேர்ந்தெடுக்கவில்லை, அழுதுகொண்டேதான் போனேன். ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது முறை கிடங்கின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடக்க வேண்டும். முதல் மாதம் தினமும் விண்ணப்பம் எழுதிக் கிழித்தேன். மூன்றாவது மாதம் மதியத் தூக்கம் தானாக நின்றது. இன்றைக்கும் எனக்கு அந்த வேலை பிடிக்காது. உடம்புக்கு மட்டும் பிடித்துவிட்டது.

காற்றாடி, உங்களுக்கு எந்த வேலை பிடிக்கும் என்று நீங்கள் இன்னும் சொல்லவே இல்லையே?


காற்றாடி:

அம்மிக்கல் அக்கா (அக்கா என்று கூப்பிடலாம்தானே?), கேட்டதும் எனக்கே வெட்கமாகிவிட்டது. பயிற்சி கொடுப்பதுதான் பிடிக்கும். போன வருடம் ஆள் இல்லாமல் நான்கு நாள் என்னை அனுப்பினார்கள். வகுப்பில் ஒருவர் விசைப்பலகையைப் பார்க்கவே பயந்து கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள் அவரே பக்கத்து ஆளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஆனால் திரும்பி வந்ததும் மூன்று நாள் தொண்டை கட்டி, வயிறு உப்பி, தூக்கம் இல்லாமல் கிடந்தேன். அந்தப் பயம்தான் என்னை இங்கே கொண்டுவந்தது.

இன்னொரு உண்மையையும் சொல்கிறேன். அந்தப் பரிசோதனையை நான் எடுத்தது இரவு ஒன்றேகால் மணிக்கு, ஒரு பாடத்தை மறுநாள் காலையில் கொடுக்க வேண்டிய நெருக்கடியில். ‘தூக்கம் கலைந்து கலைந்து வருமா?’ ஆம். ‘மனம் அலைபாயுமா?’ ஆம். நேற்று விடுமுறை, நன்றாகத் தூங்கி எழுந்து அதே பரிசோதனையை மறுபடி எடுத்தேன். பித்தம் 45, வாதம் 38.


சந்தேகப்பிராணி:

நான் இரண்டு பதிவு போட்டுச் சொன்னதை நீங்கள் இரண்டு எண்ணில் சொல்லிவிட்டீர்கள்.


ஏட்டுச்சுரைக்காய்:

முதல் முறை நீங்கள் அளந்தது விகிருதியை. அதாவது இப்போதைய கலக்கத்தை. பிரகிருதி பார்க்க வேண்டுமானால் ‘இந்த மாதம் எப்படித் தூங்குகிறீர்கள்’ என்று கேட்டுப் பயனில்லை. சின்ன வயதில் எப்படி இருந்தீர்கள், எலும்பு எப்படி, கையில் நரம்பு புடைத்துத் தெரிகிறதா, மூட்டு நடக்கும்போது சொடுக்குகிறதா, முடி எப்போது நரைத்தது. இப்படி எளிதில் மாறாதவற்றைக் கேட்க வேண்டும். கனவுகூடக் கேட்பார்கள். வாதக்காரர் கனவில் ஆகாயத்தில் போவார், மலையேறுவார். பித்தக்காரர் தீயும் மின்னலும் காண்பார். கபக்காரர் தாமரைக் குளம் பார்ப்பார் என்று நூலில் இருக்கிறது. கனவைக் கேட்டு நான் இதுவரை யாருக்கும் மருந்து எழுதியதில்லை, ஆனால் கேட்டால் ஆட்கள் மனம்விட்டுப் பேசுகிறார்கள்.

உங்கள் நான்கு நாள் பற்றி ஒரே கேள்வி. அந்த நாட்களில் எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள்? வகுப்பின் நடுவே எழுந்து போக வேண்டியிருந்தபோது போனீர்களா, அடக்கினீர்களா?


காற்றாடி:

சாப்பாடு மூன்றரைக்கு மேல். அடக்கினேன். நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது எப்படி எழுந்து போவது?


ஏட்டுச்சுரைக்காய்:

அடக்கக் கூடாத இயற்கை உந்துதல்கள் 13 என்று சரகர் ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறார். சிறுநீர், மலம், வாயு, பசி, தாகம், தூக்கம் எல்லாம் அதில் உண்டு. நீங்கள் சொன்ன தொண்டை, வயிறு, தூக்கம் மூன்றுக்கும் பயணத்தைக் குற்றம் சொல்லும் முன் அந்த நான்கு நாள் நேரப்பட்டியலைப் பாருங்கள். ஆவணப் பிரிவிலும் நீங்கள் மூன்றரைக்குச் சாப்பிட்டால் இதுதான் நடக்கும், கொஞ்சம் மெதுவாக.


மூன்றாம்ஷிப்ட்:

தங்கச்சி, நான் ஒரு யோசனை சொல்கிறேன். ஒரு வாரம் ஒரு துண்டுத்தாளில் எழுதி வையுங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டேன், எத்தனை மணி நேரம் பேசினேன், எத்தனை மணிக்குப் படுத்தேன், மறுநாள் உடம்பு எப்படி. நான் ஷிப்ட் டைரியில் ஓரமாக இப்படி எழுதித்தான் என் கோபம் எந்த மணிக்கு வருகிறது என்று கண்டுபிடித்தேன். பதினொன்றே முக்கால். சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால்.


கணக்குப்பிள்ளை:

என் மேலாளருக்கு இருபத்துநான்கு மணி நேரமும் பதினொன்றே முக்கால்தான்.


காற்றாடி:

எல்லோருக்கும் நன்றி. பதில் சொல்ல வேண்டிய நாள் இன்றோடு முடிந்தது, அதனால் என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன்.

ஏழு நாள் எழுதினேன். தாள் கையில் இருக்கிறது. மோசமான காலைகள் மூன்று: செவ்வாய், வியாழன், சனி. நான் ஒரு நாளும் ஊரை விட்டு எங்கும் போகவில்லை. அந்த மூன்றுக்கும் முந்தைய நாளில் கூட்டத்தின் மேல் கூட்டம், மூன்று மணிக்கு மேல் சாப்பாடு. ஒரு வியாழன் மட்டும் ஐந்து மணி நேரம் பேசியிருக்கிறேன், ஆனால் ஒரு மணிக்குச் சாப்பிட்டிருக்கிறேன். மறுநாள் உடம்பு நன்றாகவே இருந்தது. ஒரு வாரத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று சந்தேகப்பிராணி சொல்வார், தெரியும்.

பயிற்சிப் பிரிவின் பொறுப்பாளருக்குப் போன் செய்து இரண்டு கேள்வி கேட்டேன். வகுப்பு நடுவில் இடைவேளை உண்டா, பயிற்றுநர் எத்தனை மணிக்குச் சாப்பிடுவார்? மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ‘இதை யாரும் இதுவரை கேட்டதில்லைம்மா’ என்றார். பிறகு, தொடர்ந்து வகுப்பு வைத்தால் மாலைக்குள் முடிந்துவிடும் என்பதால் அப்படி வைக்கிறார்கள், மற்றபடி விதி எதுவும் இல்லை என்றார். பன்னிரண்டே முக்காலுக்கு ஒரு மணி நேரம், நடுவில் இரண்டு முறை பத்து நிமிடம். இதை எழுத்தில் கேட்டேன். இன்று காலை மின்னஞ்சல் வந்துவிட்டது. ஒரே பயணத்தில் நான்கு நாளுக்கு மேல் வேண்டாம் என்றதற்கு மட்டும் ‘பார்க்கலாம்’ என்றிருக்கிறார்.

பயிற்சிப் பிரிவுக்கு ஒப்புக்கொண்டேன். முதல் வகுப்பு வருகிற 14ஆம் தேதி.


அம்மிக்கல்:

‘பார்க்கலாம்’ என்பதை மட்டும் விட்டுவிடாதே. அதையும் எழுத்தில் வாங்கு.


கணக்குப்பிள்ளை:

காற்றாடி என்ற பெயரை மாற்றிவிட வேண்டாம், அதற்கும் ஒரு கயிறு உண்டு. அது சரி, ஏட்டுச்சுரைக்காய் சார், நான் பதினாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன் என்று முதல் பதிவிலேயே சொன்னேனே. எனக்கு யாருமே எதுவும் சொல்லவில்லை?


ஏட்டுச்சுரைக்காய்:

எழுந்து நின்று இந்தப் பதிலைப் படியுங்கள். மீதியை அப்புறம் சொல்கிறேன்.